தூங்குகிறவனுக்கு வாசிப்பது

அந்த வீட்டில் என் வேலை தூங்குவது. வெளியே வேறு வேலை இருந்தது. சரக்குக் கிடங்கில் இரவு முழுக்க பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுவேன். படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதற்கு மேல் யாரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் வீடு வந்து, இருந்ததைத் தின்றுவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுவேன். அந்தப் பகல் முழுக்க, என் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், அக்கா பியானோ சொல்லிக்கொடுப்பாள்.

சுவர் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரே அறையை இரண்டாகக் காட்ட வீட்டுக்காரர் அடித்துவைத்த பலகைத் தடுப்பு அது. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

பியானோ, அலமாரி மாதிரி நிமிர்ந்து நிற்கிற வகை. மூடப்போகிற ஒரு பள்ளிக்கூடத்தில் தூக்கிப் போட இருந்ததை அக்கா கேட்டு வாங்கி வந்தாள். கொண்டுவந்த அன்று அது மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேல் வீட்டுக்காரர்கள் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா அங்கேயே மூடியைத் திறந்து, நின்றபடி கொஞ்சம் வாசித்தாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் யாரும் சத்தம் என்று புகார் சொன்னதில்லை.

அவளிடம் வந்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள். குழந்தைகளை அவள் சேர்த்துக்கொள்ள மாட்டாள். "சின்னப் பசங்க விரல்ல அவங்க அம்மா அப்பா மேல இருக்கிற பயம்தான்டா கேக்குது. அதை நான் எங்க போய் எடுக்கிறது?" என்பாள். வயதானவர்களின் விரலிலும் பயம் இருந்தது. ஆனால் அது அவர்களே சம்பாதித்தது, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவள் கணக்கு.

புதிதாக யார் வந்தாலும் முதல் பாடம் என் செருப்பு. என் அறைக்கதவுக்கு வெளியே அது கிடக்கும். அக்கா அதைக் காட்டுவாள்.

"உள்ள என் தம்பி தூங்குறான். நைட் ஷிஃப்ட். அவன் எழுந்துட்டா இன்னிக்குப் பாடம் அவ்ளோதான்."

வந்தவர் பதறிப்போய்ப் பியானோக் கட்டையைத் தொட்டும் தொடாமலும் தடவுவார். பாதிச் சுரம் வரும், பாதி வராது. உடனே அடுத்த திட்டு விழும்.

"இது மெதுவா வாசிக்கிறது இல்லைங்க, பயந்து வாசிக்கிறது. அவன் எழுந்திரிக்கவும் கூடாது. அவனுக்குக் கேக்காம போகவும் கூடாது."

"ரெண்டும் எப்படி மேடம்?"

"அதைத்தான் சொல்லித் தரப்போறேன். இடது பெடல் மேல மட்டும் காலை வெச்சீங்கன்னா காலை ஒடைச்சிடுவேன். அது சத்தத்துக்குப் போர்வை போத்துறது. போர்வை எனக்கு வேண்டாம்."

தூக்கம் கலைந்தால் நான் பலகையை ஒரு தட்டு தட்டுவேன். அந்தப் பக்கம் சட்டென்று எல்லாம் நின்றுவிடும். யாரோ எச்சில் விழுங்குவது கேட்கும். பிறகு பாதி பேர் சாரி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாருக்கும் நான் அந்த அளவுக்கு மரியாதை கொடுத்ததில்லை. எனக்கு அது கிடைத்தது, படுத்துக்கொண்டு.

சாயங்காலம் எழுந்து பல் விளக்கும்போது அக்கா டீயோடு வந்து நிற்பாள்.

"இன்னிக்கு என்னடா கேட்டுச்சு?"

எனக்கு இசை ஒரு மண்ணும் தெரியாது. அவர்கள் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. கேட்டதை வைத்து நானே பெயர் வைத்திருந்தேன். தூறல் என்று ஒரு பெண்மணி. மூட்டை என்று ஒருவர். கையில் கிடைத்த சுரங்களை ஒன்றாகத் தூக்கி, ஒன்றாக இறக்கிவைப்பார். அவர் பல் டாக்டராம். கேட்டதும் என் பல்லைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

"மூட்டை இன்னிக்கு ஒண்ணை மட்டும் மெதுவா இறக்கினாரு. மீதி எல்லாம் தொப்பு தொப்புன்னுதான்."

"எது, கடைசியா?"

"கடைசிக்கு முந்தினது."

அவள் முகம் மலரும். அது அவர் மூன்று வாரமாக முயன்ற இடமாக இருக்கும். என் காது நல்ல காது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. காரியம் பலகையினுடையது. விழித்திருந்தால் எல்லாம் கேட்கும்; கண் சொருகினால், விரல் கட்டையில் மோதுகிற சத்தம், நாற்காலி முனகல், மூச்சு, இதையெல்லாம் அது தின்றுவிடும். ஒரு சுரம் பிறந்த பிறகு இழுபடுகிறதே, அந்த வால் மட்டும்தான் என் பக்கம் வரும். அரைத் தூக்கத்தில் நான் கேட்டதெல்லாம் வால்கள்தான். எந்த வால் நீளம், எது ஒட்ட நறுக்கியது என்பது பல் விளக்கும்போது ஞாபகம் இருக்கும்.

அந்த நாட்களை நல்ல நாட்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். முதுகு ஒடியும் வேலை, வெயிலில் கொதிக்கிற அறை, ஜன்னலை மறைக்க ஒரு பழைய போர்வை. ஆனால் அதற்குப் பிறகு அப்படி நான் தூங்கியதில்லை. அதுவும் உண்மை.

ஆணி வந்தது அப்போதுதான். முதல் நாள் அவர் வாசித்த முதல் சுரத்துக்கே நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். யாரோ தடுப்பில் ஆணி அடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். தட்டினேன். நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு ஆணி. மறுபடி தட்டினேன்.

"யாருக்கா அது? கொத்தனாரா?" என்று சாயங்காலம் கேட்டேன்.

"தபால் ஆபீஸ்ல சீல் குத்துறவருடா."

"அதான் குத்துறாரு."

"சிரிக்காத. அவர் பழகணும்னு வந்தது வேற விஷயத்துக்கு."

அவர் மனைவிதான் பியானோ வாசிப்பவர். வீட்டில் நல்ல பியானோ இருந்தது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அந்த அம்மாவுக்குத் தலையில் ஏதோ ஆகி, சத்தமே ஆகாமல் போய்விட்டது. பாத்திரம் விழுந்தால் வாந்தி, கதவு சாத்தினால் இரண்டு நாள் தலைவலி. உள்ளறையில் கதவை மூடிக்கொண்டு படுத்திருப்பார். வெளியே ஏதாவது சத்தம் தாங்காமல் போனால் சீப்பை எடுத்துச் சுவரில் ஒரு தட்டு. வீடே அடங்கிவிடும். பியானோவை மூடி வைத்துப் பல மாதம் ஆயிற்று. அந்த அம்மா படுக்கப் போகுமுன் எப்போதும் வாசிக்கிற ஒரு சின்னப் பாட்டு உண்டு, இரண்டே பக்கம். அதை மனைவிக்காக வாசிக்க வேண்டும், சீப்பு தட்டாதபடி வாசிக்க வேண்டும். ஆணி கேட்டது அவ்வளவுதான்.

"வீட்ல பழகவும் முடியாது, பாவம். சாப்பாட்டு மேசை மேல விரலை வெச்சுப் பழகுறாராம்," என்றாள் அக்கா.

"சுவர்ல தட்டுற ஆளு இங்கயும் இருக்கான்னு தெரிஞ்சுதான் வந்தாரா?"

"ஆமாடா. அதுக்காகத்தான் வந்தாரு."

நான் டீயைக் குடித்தேன்.

அவருக்கு அவள் சொல்லிக்கொடுத்தது முழுக்க எனக்குக் கேட்டது, தூங்குகிற நேரம் போக.

"சார், கட்டை அடியில போய் இடிக்கிறதுக்கு முன்னாடியே சத்தம் பொறந்தாச்சு. உள்ள இருக்கிற சின்னச் சுத்தியல் கம்பியைத் தொட்டுட்டுத் திரும்பிடுச்சு. அதுக்கப்புறம் நீங்க அமுக்குறதெல்லாம் பலகையைத்தான்."

"தபால்ல அமுக்கலைன்னா தேதி தெரியாதுங்க டீச்சர். மேல இருக்கிறவர் கத்துவார்."

"இங்க மேல யாரும் இல்லை. கையோட கனத்தை விடுங்க. அடிக்காதீங்க, விடுங்க."

மெல்ல மெல்ல ஆணி சின்ன ஆணி ஆனது. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அவர் மாட்டிக்கொண்டார். இரண்டாவது வரியின் கடைசியில் ஒரு நீளமான சுரம், அதிலிருந்து இறங்கி அடுத்தது. அக்கா அதைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டுவாள்.

"பியானோல ஒரு சுரம் பொறந்த நிமிஷமே தேயத் தொடங்கிடும் சார். நாம ஒண்ணும் பண்ண முடியாது. முதல் சுரம் தேய்ஞ்சு எங்க நிக்குதோ, அந்த உயரத்துல இருந்து அடுத்ததைத் தொடங்கணும். அதுக்கு நீங்க வாலைக் கேக்கணும். நீங்க அடிச்சுட்டு அடுத்த காகிதத்துக்குப் போயிடறீங்க."

"போகலைன்னா தபால் மூட்டை தேங்கிடுங்க," என்றார் ஆணி, உண்மையான வருத்தத்தோடு.

இப்படி ஒரு பருவம் போயிற்று. ஒருநாள் காலை நான் வேலையை விட்டுவிட்டு வந்தேன். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. கிடங்கில் சரக்கு பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது, பார்சல்கள் வந்துகொண்டிருந்தன, நான் கையுறையைக் கழற்றிப் பெல்ட்டின் மேல் போட்டேன். அதுவும் ஏதோ ஒரு ஊருக்குப் போயிருக்கும்.

"விட்டுட்டேன்," என்றேன்.

"ஏன்?"

"பிடிக்கலை."

"படிப்பை விட்டப்பவும் இதைத்தான் சொன்ன."

"அப்பவும் பிடிக்கலை."

அக்கா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப இனிமே பகல்ல யாருடா தூங்குவா?" என்றாள்.

யாரும் தூங்கவில்லை. என் உடம்புக்கு இரவும் பகலும் குழம்பிப்போய் இரண்டிலும் தூக்கம் வரவில்லை. பகலில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். கதவுக்கு வெளியே செருப்பு இல்லாததைப் பார்த்துவிட்டு, மாணவர்களின் கை அவிழ்ந்துகொண்டது. தூறல் பேய்மழை ஆகிவிட்டதாம். பல் டாக்டர் பழையபடி தொப்பு தொப்பு.

"டேய், எல்லாரும் சந்தைக்கடைல வாசிக்கிற மாதிரி வாசிக்கிறாங்கடா. சும்மாவாவது போய்ப் படு."

"நான் என்ன உனக்குத் தராசா?"

"ஆமா. அதுக்குத்தான் உனக்குச் சோறு போடுறேன்."

"வேற தராசு வாங்கிக்கோ."

பேச்சு அத்தோடு நின்றது. மறுநாள் அக்கா கடைக்குப் போயிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. நான் போய்த் திறந்தேன். ஒல்லியாக, சட்டையை மேல் பொத்தான் வரை போட்ட ஒருவர். சின்னக் கைகள், விரல் நுனியில் ஊதா மை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். காலில் செருப்பு இருந்தது.

"நீங்க… தம்பிங்களா?"

"ஆமா. நீங்க ஆணியா?"

"என்னங்க?"

"தபால் ஆபீஸ் சார்தானே? வாங்க. அக்கா இப்ப வந்துடுவா."

அவர் உள்ளே வரவில்லை. "தூங்கலைங்களா?"

"வேலையை விட்டாச்சு சார்."

நல்ல செய்தி சொன்ன மாதிரி நான் சொன்னேன். அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு சின்னக் கைகளா அந்தச் சத்தம் போட்டவை என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வர்ற ஞாயிறு அவளை அவ தங்கச்சி வீட்டுக்கு அனுப்புறோம். தூரம். நான் வேலைக்குப் போயிட்டா பாத்துக்க ஆள் இல்லை. எப்ப திரும்புவான்னு தெரியாதுங்க. அதுக்குள்ள ஒரு தடவை வாசிச்சுடணும்னு…" நிறுத்தி, மூச்சு வாங்கினார். "இன்னிக்கு உங்களுக்கு வாசிச்சுப் பாத்துட்டு, நீங்க தட்டலைன்னா அங்க வாசிக்கலாம்னு இருந்தேன். இப்ப யாருக்கு வாசிக்கிறது?"

அக்கா பையோடு படியேறி வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை திட்டைவிட மோசம்.

"சரி சார்," என்றேன். "நான் போய்ப் படுக்கிறேன். ஆனா தூக்கம் வரலை, முன்னாடியே சொல்லிட்டேன். நாலஞ்சு நாளா கண்ணே மூடலை."

"முழிச்சிருக்கிறவங்க தாங்கிப்பாங்களேங்க. அவ தாங்க மாட்டா."

"நான் தாங்குற ஆள் இல்லை. வேணும்னா அக்காவைக் கேளுங்க."

"அது சத்தியமான பேச்சு," என்றாள் அக்கா. "எதையும் தாங்க மாட்டான். வாங்க சார், உட்காருங்க."

செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டேன். உள்ளே போய்ப் போர்வையை ஜன்னலில் இழுத்துவிட்டுப் படுத்தேன். தட்டுவதற்குத் தயாராகக் கையைப் பலகை மேலேயே வைத்துக்கொண்டேன். அவருக்குப் பொய் சொல்லக் கூடாது என்பது மட்டும் மனதில் இருந்தது. கொஞ்சம் இடித்தாலும் தட்டிவிடுவேன். தட்டினால் அந்த மனிதர் பேசாமல் பொத்தானைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார், ஞாயிறு வந்துவிடும்.

தொடங்கினார். முதல் வரி பரவாயில்லை. அங்கங்கே ஒரு சின்ன முனை, தட்டுகிற அளவுக்கு இல்லை. இரண்டாவது வரி. அந்த நீளமான சுரம் வந்தது. அதன் வால் பலகை வழியாக, என் உள்ளங்கை வழியாக இழுத்துக்கொண்டே போனது. அடுத்த ஆணிக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. மறந்துவிட்டார், பாவம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அடுத்தது ஏற்கெனவே வந்துவிட்டிருக்கிறது. எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் திறந்தபோது போர்வையின் ஓரத்தில் சாயங்கால வெயில். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டோம் தெரியுமா? அவர் பயந்தே போயிட்டாரு. உன் மூக்குகிட்ட விரலை வெச்சு மூச்சு வருதான்னு பார்த்தாரு."

"போயிட்டாரா?"

"போயிட்டாரு. நீ அசதில தூங்கிட்டியா, அவர் வாசிச்சதால தூங்கினியான்னு தெரியாம மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுப் போறாரு. என்னடா கேட்டுச்சு?"

"ரெண்டாவது வரி வரைக்கும் இருந்தேன். அப்புறம் ஞாபகம் இல்லை."

"அந்த இடம்?"

"தெரியலைக்கா. சும்மா சொல்லச் சொன்னா சொல்றேன்."

"வேண்டாம்," என்று எழுந்து போனாள். அவளுக்கு அவ்வளவு ஏமாற்றம் நான் படிப்பை விட்டபோதுகூட இல்லை.

குழாயடியில் முகம் கழுவினேன். பல் விளக்கினேன். பின்னால் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்படுகிற சத்தம்.

"நிறுத்து. என்ன அது?"

"எது?"

"இப்ப வாய்க்குள்ள ஒரு மெட்டு முனகினியே. திரும்ப முனகு."

நான் முனகிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. வாயில் நுரையோடு மறுபடி முனகினேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், கடைசி வரை. நான் விழித்திருந்து கேட்காத பகுதியும் அதில் இருந்தது. அக்கா விரலால் காற்றில் தொடர்ந்து வந்தாள். அந்த இடத்தில் அவள் விரல் முந்திக்கொண்டது. நான் பிந்தி வந்தேன்.

"நான் அங்க அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டேன்டா," என்றாள் மெதுவாக. "அது என்னோடது இல்லை. அவரோடது." நுரையைத் துப்புவதற்குள் அவள் போனில் இருந்தாள். "சார், நாளைக்கே வாசிங்க. ஆமா. தூங்கினான், கேக்கவும் கேட்டிருக்கான். ரெண்டும்."

திங்கட்கிழமை ஆணி வந்தார். நான் படுத்திருந்தேன், தூங்கவில்லை. அவர் சொன்னதைப் பலகை வழியாகத்தான் கேட்டேன்.

"வாசிச்சேங்க டீச்சர். அந்த இடம் தாண்டி ரெண்டாம் பக்கம் பாதி போயிருப்பேன். சீப்பு தட்டுச்சு. அவ்ளோதான், முடிஞ்சுதுன்னு மூடியை இறக்கிட்டேன். மறுபடியும் தட்டுச்சு. மூடுற சத்தமும் தாங்கலை போலன்னு அசையாம உட்காந்திருந்தேன். மறுபடியும் தட்டுறா, விடாம தட்டுறா. என்னமோ ஏதோன்னு ஓடிப்போய்க் கதவைத் தொறந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"'ஏன்யா பாதியில நிறுத்தின'ன்னாங்க. மூடி சாத்தின சத்தத்துக்கு நல்லா திட்டுனா. அப்புறம், 'கதவைத் தொறந்தே வை, போய் முழுசா வாசி'ன்னா."

அந்தப் பக்கம் நாற்காலி முனகியது.

"ஞாயித்துக்கிழமை போயிட்டாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"போயிட்டாங்க. அதுல மாற்றம் இல்லை." பியானோ மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. "இன்னிக்கு என்ன பழகலாம் டீச்சர்? வேற ஏதாவது ரெண்டு பக்கம். அவ வர்றதுக்குள்ள."

அந்த அம்மா வந்தாரா, எப்போது வந்தார் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த மாதமே எனக்கு ஒரு பகல் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டேன். கிளம்பும்போது அக்கா பெட்டியை எடுத்துக்கொடுத்தாள், சாப்பாடு கட்டிக்கொடுத்தாள், பிறகு, "அந்தப் பழைய செருப்பை இங்கேயே விட்டுட்டுப் போடா," என்றாள்.

பல வருடம் கழித்து அவளுடைய புது இடத்துக்குப் போனேன். பெரிய அறை, கனமான செங்கல் சுவர்கள், நீளமான கறுப்புப் பியானோ. அந்தச் சுவரைத் தாண்டி எதுவும் எங்கும் போகாது. அவள் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் "அக்கா" என்று உரக்கக் கூப்பிட்டேன். பியானோவின் முன் உட்கார்ந்திருந்த நரைத்த தலைப் பெண்மணி பதறிப்போய் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவாங்க. உள்ள மேடத்தோட தம்பி தூங்குறாரு."

அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். சாமான் போட்டுவைக்கிற அறை. கதவு மூடியிருந்தது. வெளியே என் செருப்பு கிடந்தது, வார் அறுந்த இடத்தில் நான் போட்ட தையலோடு.

"மன்னிச்சுக்கங்க," என்று மெல்லச் சொல்லிவிட்டு, சத்தம் வராமல் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.